எடையைக் குறைப்பதும் குறைத்த எடையைக் காப்பதும்: பெரியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

எடை குறைப்பது பலருக்குப் புதிய வேலையல்ல. மூன்று நான்கு முறை ஐந்தாறு கிலோ குறைத்து, அத்தனையையும் வட்டியோடு திரும்ப வாங்கியவர்கள் நிறைய. ஆகவே எப்படிக் குறைப்பது என்பதைவிட, குறைத்தது இரண்டு ஆண்டு கழித்தும் குறைந்தபடியே இருக்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கீழே சொல்லும் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்தக் கேள்வியில் உரசிப் பாருங்கள். "இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம்" என்று தோன்றும் எதையும் தொடங்காமல் இருப்பதே மேல்.

முதலில், யார் தாமாகத் தொடங்கக் கூடாது

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சாப்பாட்டை வெறுத்து ஒதுக்குவதும் அள்ளித் தின்று வாந்தி எடுப்பதும் போன்ற உணவுக் கோளாறு முன்பு இருந்தவர்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோர் மருத்துவரைப் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது. இன்சுலின் போடுபவர்களும், கிளிமெப்பிரைட் போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவை முதலில் மாற்ற வேண்டும், சாப்பாட்டைப் பிறகு. ரத்த அழுத்த மாத்திரைக்கும் இது பொருந்தும். எடை குறையக் குறைய அதே மாத்திரை அதிகமாகி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரைவது பெரிய இழப்பு. அவர்கள் வலுப்பயிற்சி இல்லாமல் சாப்பாட்டை மட்டும் குறைக்கக் கூடாது.

முயற்சியே செய்யாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மகிழ வேண்டாம். காரணம் கண்டுபிடிக்க வேண்டிய அறிகுறி அது. திடீரென்று எடை ஏறினாலும் மருந்துப் பட்டியலை ஒரு முறை பாருங்கள்: ஸ்டீராய்டு, இன்சுலின், மனநோய்க்குத் தரும் ஓலன்சபின், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், சில மனச்சோர்வு மாத்திரைகள் எடையைக் கூட்டும். மருத்துவரிடம் மாற்று கேட்கலாம். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. தைராய்டு குறைவு எடையைக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் இருபது கிலோவை அதன் தலையில் கட்ட முடியாது.

படி 1: அளவெடுங்கள்

எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு மூன்றும் வேண்டும். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எழுதி, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. என்னும் உடல் நிறை குறியீடு கிடைக்கும். பொதுக் கணக்கில் 18.5 முதல் 24.9 வரை சரியான எடை, 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடற்பருமன். ஆசிய மக்களுக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால், 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கைக் கோடுகளாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 2004இல் சொன்னது.

பி.எம்.ஐ.க்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. அதனால்தான் இடுப்பு அளவு. விலா எலும்பின் கீழ் விளிம்பைப் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் டேப்பை வைத்து, தரைக்கு இணையாகச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டதும் பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது, டேப் தோலில் பதியக் கூடாது. பேன்ட் அளவை இடுப்பளவாக எடுத்துக்கொள்வது பெரிய ஏமாற்று. தொப்பை வளர வளர பேன்ட் கீழே இறங்குமே தவிர அதன் அளவு மாறாது. இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்: 165 செ.மீ. உயரம் என்றால் 82.5 செ.மீ.

எடை மெஷினைக் கெட்டியான தரையில் வையுங்கள், விரிப்பின் மேல் வேண்டாம். காலையில் கழிவறை போய் வந்த பிறகு, எதுவும் குடிக்கும் முன், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்.

ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பே இல்லை. ஒருவரின் இரண்டு வார எண்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்:

முதல் வாரம்: 82.1, 81.6, 82.4, 81.9, 81.5, 82.6, 81.8
இரண்டாம் வாரம்: 81.4, 81.9, 81.2, 82.0, 81.3, 81.6, 81.1

முதல் வாரச் சராசரி 82.0, இரண்டாம் வாரம் 81.5. அரைக் கிலோ இறங்கியிருக்கிறது. இதே ஆள் முதல் வாரம் ஐந்தாம் நாளும் அடுத்த வாரம் நான்காம் நாளும் மட்டும் மெஷினில் ஏறியிருந்தால் 81.5, 82.0 என்று பார்த்து, "பட்டினி கிடந்தும் அரைக் கிலோ கூடிவிட்டது" என்று அன்றே விட்டிருப்பார். உப்பு அதிகமான சாப்பாடு, மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி எல்லாமே ஒன்று முதல் இரண்டு கிலோ வரை தண்ணீரை உடம்பில் நிறுத்திவைக்கும். வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாய் வருபவர்கள், போன மாதம் இதே வாரத்தோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவு. நாள்தோறும் எடை பார்த்தால் மனம் கெடுகிறது என்பவர்களுக்கு இடுப்பளவு போதும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

படி 2: இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஆர்வத்தில் இந்தப் படியைத் தாண்டிப் போவார்கள். தாண்டாதீர்கள். "நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லை, ஆனாலும் எடை இறங்கவில்லை" என்று சொன்னவர்களை 1992இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு துல்லியமாக அளந்தது. உண்மையில் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் அவர்கள் கணக்கில் வரவே இல்லை. உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்களின் வளர்சிதை மாற்றம் இயல்பாகவே இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. கண்ணளவு அப்படித்தான் ஏமாற்றும்.

சாப்பிடும்போதே எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்திருக்கும். சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்காமல் வாயில் போட்டது, அலுவலகத்தில் யாரோ நீட்டியது, குடித்தவை எல்லாம் சேர்த்தி. இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் என்று மூன்று நாளாவது சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். பக்கத்தில் நேரத்தையும், பசித்துச் சாப்பிட்டதா, சலிப்பிலா, கோபத்திலா என்பதையும் ஒரு சொல்லில் குறித்துவையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் படித்தால், எங்கே கை வைப்பது என்று அந்தத் தாளே சொல்லிவிடும். பெரும்பாலும் மூன்று வேளைச் சாப்பாட்டில் அல்ல, இடைப்பட்ட நேரத்தில்தான் ஓட்டை இருக்கும்.

படி 3: கணக்கு

படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவிடும் கலோரியை மதிப்பிட 1990இல் வெளியான மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரம் போதுமானது:

(10 × எடை கிலோவில்) + (6.25 × உயரம் செ.மீ.யில்) − (5 × வயது). ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள்.

45 வயதுப் பெண், 82 கிலோ, 165 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. 30.1. சூத்திரப்படி 820 + 1,031 − 225 − 161 = 1,465 கலோரி. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர் என்றால் 1.2ஆல் பெருக்க வேண்டும்; லேசான நடமாட்டம் உள்ளவர் என்றால் 1.375. இவருக்கு இரண்டாவது பொருந்தும் என்றால் ஒரு நாள் செலவு ஏறத்தாழ 2,015. அதில் 500 கழித்தால் சுமார் 1,500 கலோரி. தன் நடமாட்டத்தை எல்லோருமே ஒரு படி கூட்டித்தான் மதிப்பிடுகிறார்கள். சந்தேகம் என்றால் சிறிய எண்ணை எடுங்கள்.

சூத்திரம் வெறும் தொடக்கம். உண்மையான விடையை உங்கள் எடையேடுதான் தரும். ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு 3,500, அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. முதல் வாரம் மட்டும் இரண்டு கிலோ கூட இறங்கும். அது பெரும்பாலும் தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்த கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், அது கரையும்போது தண்ணீரும் போகிறது. "ஏழே நாளில்" விளம்பரங்களின் சூட்சுமம் இவ்வளவுதான்.

வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ வரை போதும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1,200க்கும் ஆண்கள் 1,500க்கும் கீழே போக வேண்டாம். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கரைந்தால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு ஏறுகிறது. சாப்பிட்ட பின் வலது மேல் வயிற்றில் வலி வந்து தோளுக்கோ முதுகுக்கோ பரவினால், அதோடு காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் இலக்கு 5 சதவீதம். 82 கிலோவுக்கு 4.1 கிலோ. சின்னதாகத் தெரியும், ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இந்த அளவிலேயே மாறத் தொடங்குகின்றன. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள் 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற இலக்கோடு முயன்றபோது நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது என்பது 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு.

படி 4: தட்டு

எந்த டயட் நல்லது என்ற சண்டையில் நேரத்தை வீணாக்காதீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரைக் கொழுப்பு குறைந்த உணவு, மாவுச்சத்து குறைந்த உணவு என்று இரண்டு அணியாகப் பிரித்து ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். 2018இல் வந்த முடிவு: சராசரியாக 5.3 கிலோ, 6.0 கிலோ. பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. இரண்டு அணியிலும் சிலர் நிறையக் குறைத்தார்கள், சிலருக்கு எடை கூடியது. பகலில் எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிடும் முறையும் அப்படியே. கலோரி சமமாக இருந்தால் அது தனியாக எதையும் கரைப்பதில்லை. இரவில் கொறிப்பவருக்கு அது கதவைப் பூட்டிவைக்கும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

டயட்டின் பெயரைவிட முக்கியம், உணவு எவ்வளவு ஆலையில் தயாரானது என்பது. 2019இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகை பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் கொடுத்தது. பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் அவர்கள் நாளுக்கு சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். அவர்களை அறியாமலே வேகமாகவும் சாப்பிட்டார்கள். மென்று தின்ன வேண்டியது குறைந்தால் வயிறு நிறைந்த செய்தி வருவதற்குள் தட்டு காலியாகிவிடும்.

தட்டில் பாதி காய்கறி. கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி, பனீர் போன்ற புரதம். மீதிக் கால் பங்கு தானியம். கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது, தானியக் கணக்கில்தான்.

புரதத்தை எண்ணிச் சாப்பிடுங்கள். எடை குறையும்போது தசையைக் காப்பதும், அடுத்த வேளை வரை பசி தாங்கவைப்பதும் அதுதான். சேர வேண்டிய எடைக்குக் கிலோவுக்கு 1.2 கிராம். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு 68 கிலோ என்று கொண்டால் சுமார் 80 கிராம். கேட்க அதிகம்போல் இருக்கும், பிரித்துப் பார்த்தால் எட்டும் தூரம்தான்: இரண்டு முட்டை 12, வெந்த பயறு 200 கிராமில் 17, மீன் அல்லது கோழி 100 கிராமில் 25, தயிர் 200 கிராமில் 7, பால் 250 மி.லி.யில் 8, நாள் முழுவதற்குமான தானியத்தில் 12. மொத்தம் 81. அசைவம் வேண்டாம் என்றால் பனீர், சோயா, இன்னொரு கிண்ணம் பயறு. வேர்க்கடலையைப் புரதம் என்று நினைத்து அள்ளாதீர்கள். 30 கிராமில் 7 கிராம் புரதம் இருக்கிறது, கூடவே 170 கலோரியும்.

நார்ச்சத்து நாளுக்கு 25 முதல் 30 கிராம். ஒரே நாளில் அங்கே தாவினால் வயிறு உப்பும். இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றி, தண்ணீரையும் கூட்டுங்கள்.

படி 5: எண்ணெயும் குடிப்பவையும்

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, புரதத்திலும் மாவுச்சத்திலும் 4, மதுவில் உள்ள ஆல்கஹாலில் 7. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. எந்த எண்ணெயாக இருந்தாலும் அதே 120தான், "இதயத்துக்கு நல்லது" என்று லேபிளில் போட்டிருந்தாலும்.

சமைப்பவரின் கையைப் பிடித்து அளக்க வேண்டியதில்லை. பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்ந்தால் தலைக்கு நாளுக்கு 42 மி.லி., சுமார் 345 கலோரி. அதை 3 லிட்டருக்குக் கொண்டுவந்தால் 25 மி.லி., சுமார் 207. ஒரு வாய் சாப்பாடுகூடக் குறையாமல் நாளுக்கு 138 கலோரி மிச்சம், அதுவும் நான்கு பேருக்கும். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுவதை நிறுத்தி, கரண்டியால் எடுத்து விட்டாலே இதில் பெரும்பகுதி நடந்துவிடும்.

குடிக்கும் கலோரி வயிற்றை நிறைப்பதில்லை. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, நாளுக்கு நான்கு கோப்பை என்றால் கிட்டத்தட்ட 130 கலோரி. இரண்டு வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும். பழச்சாறும் இதே கூட்டம்தான், பழத்தை மென்று தின்னுங்கள். தேன், வெல்லம் எல்லாம் சர்க்கரைக்கு உறவுக்காரர்களே.

படி 6: நடையும் வலுவும்

நடையால் மட்டும் எடை குறையும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். 70 கிலோ ஆள் அரை மணி வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரி, வந்ததும் இரண்டு பிஸ்கட் தின்றால் கணக்கு முடிந்தது. "நடந்திருக்கிறோமே" என்று கூடச் சாப்பிடுவதும், நடந்த களைப்பில் மீதி நாள் சாய்ந்து கிடப்பதும் வழக்கமான தவறுகள். ஆனால் குறைத்த எடையைக் காப்பதில் நடைக்கு நிகர் இல்லை. வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் 2020 பரிந்துரை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான வேகம். பழக்கமில்லாதவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கி வாரம் 5 நிமிடம் கூட்டட்டும்.

வாரம் இரண்டு நாள் வலுப்பயிற்சி. கருவி வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுப்பது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று. நாற்காலிப் பயிற்சியில் குதிகால் தரையை விடக் கூடாது, கையை ஊன்றக் கூடாது. மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள், இருக்கையில் தொப்பென்று விழுந்தால் பயிற்சியின் பாதிப் பலன் போயிற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். 12ம் சுலபமானால் கையில் எடை பிடித்துக்கொள்ளுங்கள். மூட்டு வலித்தால் உயரமான நாற்காலி. நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

தூக்கத்தை இங்கேயே சொல்லிவிடலாம். குறைவாகத் தூங்கி வந்த, எடை அதிகமான 80 பேரைத் தினமும் ஒரு மணிக்குச் சற்று மேல் கூடுதலாகத் தூங்கவைத்தபோது, யாரும் சொல்லாமலே நாளுக்குச் சராசரியாக 270 கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள் என்கிறது 2022இல் வந்த சிகாகோ ஆய்வு. ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்க மூச்சுத்திணறலுக்குச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

படி 7: எடை அசையாமல் நின்றால்

மூன்று வாரச் சராசரி நகராவிட்டால் மட்டும் கவலைப்படுங்கள். முதலில் வார இறுதியைப் பாருங்கள். ஐந்து நாள் தலா 500 மிச்சம் பிடித்தால் 2,500. சனி, ஞாயிறு தலா 1,000 கூடுதலாகப் போனால் 2,000 கழிந்து கையில் நிற்பது வாரத்துக்கு 500, மெஷினில் தெரியவே தெரியாது. அடுத்து எண்ணெய் பாட்டில் தேதி. பிறகு மூன்று நாள் மீண்டும் தராசு. இத்தனைக்குப் பிறகும் நிற்கிறது என்றால் சூத்திரத்தைப் புதிய எடையில் போடுங்கள். அந்தப் பெண் 76 கிலோவானால் நாள் செலவு 2,015லிருந்து சுமார் 1,930 ஆகியிருக்கும். உடம்பும் தன் பங்குக்குச் செலவைச் சற்றுக் கூடுதலாகவே சுருக்கும். அங்கே 100 கலோரி குறைக்கலாம், அல்லது அரை மணி நடையைச் சேர்க்கலாம். இன்னும் 500 குறைக்கிறேன் என்று இறங்கினால் அடுத்த மாதம் அத்தனையும் கைவிட்டுப் போகும்.

மருந்தும் அறுவை சிகிச்சையும்

பசியைக் குறைக்கும் செமக்ளூடைட் ஊசி 2021இல் அமெரிக்காவில் எடைக் குறைப்புக்கு அனுமதி பெற்றது. 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆகவே "மூன்று மாதக் கோர்ஸ்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பி.எம்.ஐ. 30க்கு மேல், அல்லது எடை தொடர்பான நோயும் சேர்ந்திருந்தால் 27க்கு மேல் என்பது அனுமதியின் வரம்பு. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சாதாரணம். பசியே எடுக்காததால் புரதம் குறைந்து தசை கரையும், வலுப்பயிற்சி அப்போது இன்னும் அவசியம். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களுக்கு ஆகாது. பி.எம்.ஐ. 35க்கு மேல் இருப்பவர்கள் அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்டறிவதில் தயக்கம் வேண்டாம். அதற்குப் பின் வாழ்நாள் முழுக்க வைட்டமினும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. இவற்றை நாடுவது மனவுறுதி இல்லாததால் என்று சொல்பவர்களை ஒதுக்கிவையுங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளுக்குச் சுமார் 100 கலோரி ஏறுகிறது என்று 2016இல் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்துக் கிலோ குறைத்தவர் எத்தனை பெரிய இழுப்பை எதிர்த்து நிற்கிறார் என்று பெருக்கிப் பாருங்கள்.

படி 8: காப்பது

இலக்கைத் தொட்ட அன்றே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் பழைய எடையும் திரும்பும். வாரத்துக்கு 100 கலோரி வீதம் ஏற்றி, எடை நிலைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஏற்றுவது பயறிலும் பழத்திலும் தானியத்திலும் இருக்கட்டும், விட்டொழித்த குளிர்பானத்தில் அல்ல. நடையை நாளுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி வரை நீட்டுங்கள். அமெரிக்காவில் 1994 முதல், 13.6 கிலோவாவது குறைத்து ஓராண்டாவது காத்தவர்களைப் பதிவு செய்துவருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி உடலுழைப்பு செய்பவர்கள், நான்கில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள். தாமாக வந்து பதிந்தவர்கள் என்பதால் இதை நிரூபணம் என்று சொல்ல முடியாது, ஆனால் பின்பற்றத்தக்க பழக்கம்.

எச்சரிக்கைக் கோடு ஒன்றை இப்போதே எழுதிவையுங்கள்: இலக்கு எடைக்கு மேல் 2 கிலோ. வாரச் சராசரி அதைத் தொட்டால், காரணம் தேடி வருந்திக்கொண்டிருக்காமல், நான்கு வாரத்துக்கு மீண்டும் ஏட்டில் எழுதுவது, எண்ணெய் பாட்டிலில் தேதி போடுவது, தட்டில் பாதி காய்கறி. இரண்டு கிலோவைத் திருப்ப ஒரு மாதம் போதும். எட்டுக் கிலோ ஏறும் வரை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தால் படி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.